இஞ்சித் துவையலும் ஒரு கூடுதல் ஸ்டேஷனும்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் தாராவி தொண்ணூறு அடி சாலையில் உள்ள என் வீட்டுப் பந்தியில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிற்பாடு ஒருத்தரும் 'நானும் இருந்தேன், என் காதால் கேட்டேன்' என்று கிளம்பக் கூடாது.

நடுவர் மகேஷ்குமார். அணுசக்தி நகரில் விஞ்ஞானியாக வேலை பார்த்து, ஓய்வு பெற்று, நெருளில் குடியிருப்பவர். எங்கள் சங்கத்தின் செயலாளர் சுடலைக்கண்ணன். என் மகன் சுரேந்திரன். பரிமாறிய என் மருமகள் சண்முகவடிவு. அவளுக்கு ஒத்தாசையாக என் பேத்தி ஷாலினி. பந்தியின் தலையில் அய்யாத்துரை ஆகிய நான். ஜன்னலில் ஒரு பூனை இருந்தது. அதைச் சாட்சிக்கு அழைக்க உத்தேசமில்லை.

இலையில் இருந்தவற்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வழக்கே அதில்தான் இருக்கிறது. சோறு, சொதி, உருளைக்கிழங்குக் கறி, அப்பளம், இஞ்சித் துவையல்.

எங்கள் பொருநைக் கரையார் சங்கம் வருஷா வருஷம் பொது அறிவுப் போட்டி நடத்துகிறது. போட்டியன்று மதியம் நடுவர் சங்கத் தலைவர் வீட்டில் சாப்பிடுவது வழக்கம். தலைவர் நான். என் வீட்டுப் பந்தியில் யாரும் பேசக் கூடாது என்பது சட்டம். பேச வந்தவன் தின்னட்டும், தின்ன வந்தவன் பேசட்டும் என்று இருந்தால் இரண்டும் உருப்படாது. அன்றைக்கு அந்தச் சட்டத்தை மீறியவர் ஒருவர்தான். சுடலைக்கண்ணன். போன் அடித்தது என்று பாதி இலையில் எழுந்து வாசலுக்குப் போனார். திரும்பி வந்து உட்கார்ந்து மறுசோறும் வாங்கினார்.

மாலையில் சங்கத்து ஹாலில் போட்டி. கடைசிச் சுற்றில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தி ஷாலினி. பி.காம். முடித்து, தாதரில் வங்கித் தேர்வுப் பயிற்சிக்குப் போய்க் கொண்டிருப்பவள். இன்னொருவன் நகுல், சுடலைக்கண்ணனின் பேரன்.

மகேஷ்குமார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்:

"ஜிஞ்சர் என்ற ஆங்கிலச் சொல் எந்த மொழியில் கிளம்பியது? வந்த வழியையும் சொல்ல வேண்டும்."

நகுல் "லத்தீன்" என்றான். அதற்கு முன்னால் என்ன என்று கேட்டதற்கு, "அதுக்கு முன்னாடி தெரியாது சார்" என்று கௌரவமாக ஒப்புக்கொண்டான்.

ஷாலினி மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்கினாள்.

"இங்கிலீஷ்ல ஜிஞ்சர். அதுக்கு முன்ன பழைய பிரெஞ்சுல ஜிஞ்சிப்ரெ. அதுக்கு முன்ன லத்தீன்ல ஸிங்கிபெர். அதுக்கும் முன்ன கிரேக்கத்துல ஸிங்கிபெரிஸ். கிரேக்கக் கப்பல்காரன் நம்ம பக்கத்துக் கடைத்தெருவுல கேட்டுட்டுப் போனது சிங்கிவேர. அதுக்குள்ள உக்காந்திருக்கது நம்ம இஞ்சியும் வேரும்தான் சார். கொம்பு மாதிரி இருக்கதால வந்த பேருன்னு சொல்றதெல்லாம் பின்னால கட்டுன கதை."

மகேஷ்குமார் எழுந்து நின்று கைதட்டினார். விஞ்ஞானிகள் அவ்வளவு எளிதில் எழுந்திருப்பதில்லை. ஹால் முழுக்கத் தட்டியது. நான் மட்டும் தட்டவில்லை. சொந்தப் பேத்திக்குக் கைதட்டுவது நாகரிகமில்லை.

அந்த நேரம் பார்த்து சுடலைக்கண்ணன் மைக்கைப் பிடித்தார்.

"பேங்க் பரீட்சைக்குப் படிக்கிற புள்ளைக்கு கிரேக்கம் எங்கன இருந்து வந்துச்சு? அய்யா, பெரியோரே, இன்னிக்கு மத்தியானம் நடுவர் எங்க சாப்பிட்டாரு? அய்யாத்துரை அண்ணாச்சி வீட்ல. இலையில என்ன இருந்துச்சு? இஞ்சித் துவையல். நான் போன் பேச வெளிய போன நேரத்துல அங்க என்ன பேச்சு நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுதா?"

ஹால் சிரித்தது. ஒரு சிரிப்பு எத்தனை வருஷத்து மரியாதையைத் தின்னும் என்று அன்றுதான் பார்த்தேன். பரிசுக் கேடயம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நிறுத்தி வைக்கப்பட்டது. அதற்குள் தலைவர் விளக்கம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நாற்காலியை விட வேண்டும் என்று தீர்மானம். நாற்காலி போனால் போகட்டும், எங்கள் பட்டறையில் வார்க்கிற பெல்ட் பக்கிளை விட அது உறுதியானதில்லை. ஆனால் மறுநாள் காலை ஷாலினி தெருவில் இறங்கியபோது எதிர்வீட்டுப் பையன்கள் "ஏ துவையல்" என்று கூப்பிட்டார்கள். அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள். நான் மாடியில் நின்று கேட்டேன்.

இரவு அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"யாருகிட்டயும் கேட்டுட்டு வரல தாத்தா. திருடல."

"அது எனக்குத் தெரியும். எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டேன்."

"அதை மட்டும் கேக்காதீங்க."

அந்தப் பிடிவாதம் எங்கள் வழியில் வந்தது, குறை சொல்ல முடியாது.

---

பிரேமலதா என் காலஞ்சென்ற தம்பியின் மகள். மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒரு பூக்கடைக்கு மேலே துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறாள். முக்கால்வாசி வேலை கல்யாண விசாரணை. மாப்பிள்ளைக்குச் சொல்கிற சம்பளம் உண்மையா, ஏற்கெனவே ஒரு மனைவி இருக்கிறாளா, சொந்த வீடு என்பது யாருடைய சொந்த வீடு என்பது மாதிரி. அவள் கடை திறந்த நாளிலிருந்து நான் அந்தப் படி ஏறியதில்லை. எங்கள் குடும்பப் பெண்கள் அடுத்த வீட்டை விசாரிப்பது வழக்கம்தான். போர்டு மாட்டி விசாரித்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை ஏறினேன்.

கதவைத் திறந்தவன் சிராஜ், அவளுடைய உதவியாள். எங்கள் தெருவுக்குப் பின்தெருவில் பிறந்தவன், காயல்பட்டினத்துப் பூர்வீகம். சட்டையில் இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். நாக்கும் அப்படித்தான்.

"வாங்க மாமா, வாங்க! கடைசில நீங்களும் கஸ்டமர் ஆயிட்டீங்களா? யாருக்குப் பொண்ணு பாக்கணும்? உங்களுக்குன்னா சீனியர் சிட்டிசன் கன்செஷன் உண்டு."

"ஏலே, நாக்கை உள்ள போடு. பிரேமா எங்க?"

"பெரியப்பா, உக்காருங்க" என்று உள்ளேயிருந்து வந்தாள் பிரேமலதா. "நீங்க வருவீங்கன்னு தெரியும். திங்கக்கிழமையே வருவீங்கன்னு நெனச்சேன். கோபம் இறங்க சனிக்கிழமை வரைக்கும் ஆயிருக்கு."

நடந்ததைச் சொன்னேன். அவள் குறிப்பு எதுவும் எடுக்கவில்லை. நேராகப் போனை எடுத்து மகேஷ்குமாரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், அந்த இஞ்சிக் கேள்வியை எப்போ தயார் பண்ணுனீங்க?"

"உண்மையைச் சொல்லணுமாம்மா?"

"சொல்லாட்டா இன்னும் மோசமாப் போகும் சார்."

"சாப்பிடும்போது. நான் எழுதிட்டு வந்த கடைசிக் கேள்வி போன வருஷமே கேட்டாச்சுன்னு இலையில உக்காந்தப்பதான் ஞாபகம் வந்துச்சு. என்னடா பண்றதுன்னு பாத்தேன். எதிர்ல துவையல். அப்படியே அதை எடுத்துக்கிட்டேன்."

நான் நெற்றியில் கைவைத்தேன். கேள்வி என் வீட்டில்தான் பிறந்திருக்கிறது. என் இலையில். என் மருமகள் அரைத்த துவையலில்.

"சுடலைக்கண்ணன் இதைக் கேட்டா லட்டு பிடிப்பாரு" என்றான் சிராஜ்.

"யாருகிட்டயாவது வாய் விட்டுச் சொன்னீங்களா சார்?" என்றாள் பிரேமலதா.

"எங்கம்மா சொல்ல? தண்ணி கேட்டதுக்கே அந்தப் பெரியவர் முறைச்சாரு. வாயைத் திறந்தது 'போதும்'னு சொல்ல மட்டும்தான். அதையும் அவங்க கேக்கல, ரெண்டாவது கரண்டி வச்சுட்டாங்க."

"பாத்தியா, நான்தான் சொன்னேனே" என்றேன்.

"மாமா, உங்க பந்தியில பேச்சு கிடையாதுங்கறதுக்கு உங்க பந்தியில இருந்தவங்கதான் சாட்சி. வெளிய யாரு நம்புவா?"

"என் வார்த்தை போதாதா?"

"போதும் மாமா. உங்களுக்கு."

பிரேமலதா அவனைக் கையமர்த்தினாள். "சார், நீங்க மனசுல வச்சிருந்த விடையும் ஷாலினி சொன்னதும் ஒண்ணுதானா?"

"கடைசி ஊர் ஒண்ணுதான், தமிழ். ஆனா வழி வேற. நான் வச்சிருந்தது இங்கிலீஷ், பிரெஞ்சு, லத்தீன், கிரேக்கம், அப்புறம் சமஸ்கிருதத்துல சிருங்கவேர, அதுலருந்து தமிழ். அந்தப் பொண்ணு சமஸ்கிருதத்தைத் தொடவே இல்ல. சிங்கிவேரன்னு ஒண்ணு சொன்னா. சத்தியமா நான் அதைக் கேள்விப்பட்டதில்லை. அதான் எழுந்து நின்னுட்டேன். வீட்டுக்கு வந்து தேடிப் பாத்தா, கிரேக்கத்தோட ஒட்டுறது அவ சொன்னதுதான்."

பிரேமலதா போனை வைத்தாள். முகத்தில் வெளிச்சம்.

"பெரியப்பா, ஒரு வீட்ல இல்லாத சாமானை அந்த வீட்லருந்து திருட முடியுமா?"

"எப்படி முடியும்?"

"ஷாலினி சொன்ன விடையில நடுவருக்கே தெரியாத ஒண்ணு இருக்கு. அப்போ அது நடுவர்கிட்ட இருந்து வரல. துவையல்லருந்தும் வரல."

சிராஜ் மேஜையில் தாளம் போட்டான். "சிம்பிள் மாமா. நம்ம லோக்கல் டிரெயின் மாதிரி வச்சுக்கோங்க. ஜட்ஜ் சார் வந்தது ஃபாஸ்ட் லோக்கல். அந்த வண்டி நிக்காத ஒரு ஸ்டேஷன்ல நம்ம புள்ளை எறங்கி டீ குடிச்சிட்டு வந்திருக்கு. அந்த ஸ்டேஷன் எங்க இருக்குன்னு பாத்தா கேஸ் முடிஞ்சுது."

"வண்டியை விடு. யாரைக் கேக்கணும்?"

"பக்கத்துலயே ஒருத்தங்க இருக்காங்க" என்றாள் பிரேமலதா.

---

விஜயலட்சுமி மாமி நாற்பது வருஷத்துக்கு மேல் சமஸ்கிருதம் கற்பித்தவர். மாட்டுங்காவில் இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. அவர் பெண்ணுக்கு வந்த இரண்டு அமெரிக்க மாப்பிள்ளைகளைப் பிரேமலதா துருவிப் பார்த்து விரட்டியிருக்கிறாள். அந்த நன்றியில் உள்ளே விட்டார்.

"ஜிஞ்சரா? இதுல என்ன துப்பறியறதுக்கு இருக்கு? சிருங்கம்னா கொம்பு. வேரம்னா உடம்பு. கொம்பாட்டம் உடம்பு உள்ளது. இஞ்சியை எடுத்துப் பாருங்கோ, மான் கொம்பாட்டம் இருக்கா இல்லையா?"

"எனக்கு வாதம் வந்த கால்விரல் மாதிரி தெரியுது மாமி" என்றான் சிராஜ்.

"உனக்குத் தெரியறது அவ்வளவுதான்."

"மாமி, சிங்கிவேர?" என்றாள் பிரேமலதா.

மாமியின் கை, விசிறியோடு பாதியில் நின்றது.

"அதை யாரு சொன்னா?"

"எங்க வீட்டுப் பொண்ணு" என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அது எங்க பாஷை இல்லே. பாலி. புத்த பிக்ஷுக்கள் எழுதி வச்சது."

"கிரேக்கத்துக்காரன் கப்பல்ல வந்து இஞ்சி வாங்கினப்போ யார்கிட்ட பேர் கேட்டிருப்பான் மாமி? பண்டிதர்கிட்டயா, கடைத்தெருவுலயா?"

மாமி யோசித்தார். நேர்மையான மனுஷி என்று அந்த யோசனையிலேயே தெரிந்தது.

"கடைத்தெருவுலதான். பண்டிதர் இஞ்சி வித்திருக்க மாட்டார். கடைத்தெருவுல பேசினது பாலி மாதிரியான பாஷைதான்." குரலைத் தாழ்த்தினார். "கொம்புக் கதையே, வெளியிலேருந்து வந்த வார்த்தைக்குப் பிற்பாடு மாட்டின சட்டைன்னு பெரிய புஸ்தகங்கள்லயே இருக்கு. மூலம் உங்க இஞ்சிதான்கறா. என் பேரைச் சொல்லி வெளியிலே சொல்லிடாதேள். எதிராத்து சாஸ்திரிகள் என்னோட பேச மாட்டார்."

என் மார்பு தன்னால் விரிந்தது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் கடல் கடந்து போன சொல்! கப்பல் மாறி, மொழி மாறி, லண்டன் கடை வரைக்கும் போயிருக்கிறது.

"மாமா, சட்டைப் பட்டன் பாவம்" என்றான் சிராஜ். "இஞ்சி பாருங்க, பாஸ்போர்ட், விசா ஒண்ணும் இல்லாம இத்தனை ஊரு போயிருக்கு. எனக்கு துபாய்க்கே மூணு தடவை ரிஜெக்ட்."

"பாலி இங்கே யார் சொல்லித் தரா மாமி?" என்றாள் பிரேமலதா.

"என்னோட பழைய ஸ்டூடண்ட் ஒருத்தன் போறான். செம்பூர்ல ஒரு புத்த விஹார். சனிக்கிழமை மத்தியானம் கிளாஸ்."

அன்றைக்குச் சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் ஷாலினிக்குத் தாதரில் மாதிரித் தேர்வு. அதாவது, அப்படித்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்துக் கொண்டிருந்தோம். டாக்ஸியில் ஏறும்போது இந்த இரண்டு சனிக்கிழமைகளையும் நான் ஒட்டிப் பார்க்கவில்லை. பிரேமலதா பார்த்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை.

---

விஹாருக்கு வாசலில் ஐந்து நிறக் கொடி. கீழே ஓர் அம்மாள் பூவும் மெழுகுவர்த்தியும் விற்றுக்கொண்டிருந்தாள். வகுப்புக்கு வந்த பெண்கள் இரண்டு மூன்று பேர் வெள்ளைப் புடவையில் படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் போய் நின்றதும் பேச்சு நின்றது.

பிரேமலதா போனில் ஷாலினியின் படத்தைக் காட்டினாள். "இந்தப் பொண்ணு இங்க வர்றதுண்டா?"

அவர்கள் படத்தைப் பார்த்தார்கள். பிறகு பிரேமலதாவைப் பார்த்தார்கள். பிறகு குடையைத் தடி மாதிரி ஊன்றி நின்ற என்னை. கடைசியாகச் சிராஜை, தலையிலிருந்து ஷூ வரைக்கும், இஸ்திரி மடிப்பு உட்பட. அவர்களுக்குள் ஒரு பார்வை சுற்றியது. அதன் பிறகு நடந்த மராத்திப் பேச்சைத் தமிழில் தருகிறேன்.

"இந்தப் பொண்ணா? பார்த்ததே இல்லை" என்றாள் பூக்காரம்மாள்.

"இங்கெல்லாம் வராது. ரொம்ப அடக்கமான பொண்ணு" என்றாள் ஒருத்தி.

"வீட்டை விட்டே வெளியே போகாது. பெரியவங்க பேச்சைத் தட்டவே தட்டாது" என்றாள் இன்னொருத்தி.

"கைப்பக்குவம்னா அப்படியொரு கைப்பக்குவம்" என்றாள் மூன்றாமவள், கொஞ்சம் குண்டான பெண். "அதிரசம் பண்ணினா வாயில கரையும்."

"பார்த்ததே இல்லாத பொண்ணு பண்ணின அதிரசம் எப்படிங்க கரைஞ்சுது?" என்றாள் பிரேமலதா.

"மெதுவா, நெய் வாசத்தோட..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவளின் முழங்கை அவள் விலாவில் இறங்கியது.

சிராஜ் என் காதருகே வந்தான். "புரியுதா மாமா? போட்டோவோட வந்து விசாரிக்கிறவன் எவன்? மாப்பிள்ளை வீட்டுக்காரன். பிரேமா அக்கா, மாப்பிள்ளையோட அக்கா. நீங்க, மாப்பிள்ளையோட தாத்தா. நான்தான் மாப்பிள்ளை. பொண்ணு ஊர் சுத்துதுன்னு நெனச்சு நாம வேண்டாம்னு சொல்லிரக் கூடாதேன்னு காப்பாத்துறாங்க. நாமளும் இதைத்தானே பண்ணுவோம்? போன மாசம் உங்க தெருவுல ஒரு பொண்ணை விசாரிக்க வந்தவன்கிட்ட 'அதுக்கு சினிமான்னா என்னன்னே தெரியாது'ன்னு நீங்களே சொன்னீங்களே."

சொன்னது உண்மைதான். ஆனால் இவன் மாப்பிள்ளை, நான் இவனுக்குத் தாத்தா என்பதை ரத்தம் ஏற்கவில்லை. குடையைத் தரையில் ஒரு தட்டு தட்டினேன்.

"ஹம் லட்கீவாலா ஹை!" என்றேன். பெண் வீட்டுக்காரன் நான்! செம்பூர் முழுவதும் கேட்டிருக்கும். "லட்கீ கா தாதா!"

படியில் இருந்த மூவரும் எழுந்துவிட்டார்கள்.

"தாராவி தாத்தாவா?" என்றாள் அதிரசக்காரி, கண் அகல. "பந்தியில பேச விடாத தாத்தா?"

என் கீர்த்தி எனக்கு முன்னால் செம்பூர் வந்து சேர்ந்திருந்தது.

சத்தம் கேட்டு மேலேயிருந்து இறங்கி வந்தார் மிலிந்த் என்கிற ஆசிரியர். கல்லூரியில் பாலி கற்பிப்பவர், சனிக்கிழமைகளில் இங்கே இலவசமாக. பிரேமலதா விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரித்துவிட்டார்.

"சிங்கிவேரவா? அது ஷாலினியின் வார்த்தை. பிக்குகள் மருந்துக்காக வைத்துக்கொள்ளலாம் என்று புத்தர் அனுமதித்த வேர்களின் வரிசை ஒன்று உண்டு. ஹலித்தி, சிங்கிவேர, வசா என்று போகும். மஞ்சள், இஞ்சி, வசம்பு. அதைப் படித்த அன்றைக்கு இந்தப் பெண் எழுந்து, 'சர், இது எங்க வீட்டு அடுப்படி' என்றாள். வகுப்பே சிரித்தது. அடுத்த வாரம் இங்கிலீஷ் வரைக்கும் கோடு போட்டுக்கொண்டு வந்தாள். இஞ்சிக்கு முன்னால் 'ச' எங்கேயிருந்து வந்தது என்று நான் மடக்கினேன். பழைய காலத்தில் அந்தச் சொல்லுக்கு முன்னால் 'ச' இருந்தது, தமிழ்தான் அதைப் பிற்பாடு தொலைத்தது, கடன் வாங்கினவர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்றாள். எனக்கு வேறு கேள்வி இல்லை."

"இந்த வகுப்புல எல்லாரும் கேட்டாங்களா?" என்றாள் பிரேமலதா.

"எல்லோரும்தான். மழைக்காலத்திலேயே."

கேட்டீர்கள் அல்லவா! போட்டிக்கு எவ்வளவோ முன்னால்! துவையல் வழக்கு அங்கேயே செத்தது. நான் அந்த மனிதரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். எங்கள் பேத்தி திருடவில்லை. எங்கள் பந்தியில் எவனும் பேசவில்லை.

கையை விடாமல் அவரே தொடர்ந்தார்.

"எம்.ஏ. இரண்டாவது வருஷத்திலும் இதே மாதிரி படித்தாளானால் ஆராய்ச்சிக்குப் போகலாம். வீட்டில் சம்மதம் இருக்கிறது என்று எழுதித் தந்ததால்தான் நான் தைரியமாக..."

"எந்த எம்.ஏ.?" என்றேன்.

"பாலி எம்.ஏ.தான். எங்கள் கல்லூரியில்தானே படிக்கிறாள்?" அவர் முகம் மாறியது. "உங்களுக்குத் தெரியாதா?"

வங்கித் தேர்வு. தாதர். மாதிரித் தேர்வு. பட்டறைக் காசில் நாங்கள் வாங்கிக் கொடுத்த அந்தத் தடித் தடிப் புத்தகங்கள்.

"மாமா," என்றான் சிராஜ் மெதுவாக, "ஒரு கேஸ் முடிஞ்சுது. இன்னொண்ணு தொறந்துருச்சு."

அப்போது தெருமுனையில் ஷாலினி வந்தாள். தோளில் பை, கையில் டிபன் டப்பா. எங்களைப் பார்த்ததும் நின்றாள். ஓடவில்லை. நேராக வந்து எனக்கு முன்னால் நின்றாள்.

"உங்க அப்பனுக்குத் தெரியுமா?"

"இல்ல தாத்தா."

"பின்ன யாருக்குத்தான் தெரியும்?"

"அம்மாவுக்கு."

சண்முகவடிவு! கரண்டியைப் பிடித்துக்கொண்டு, கண் இமைக்காமல், எனக்கு இரண்டாவது முறை துவையல் வைத்தாளே!

"சம்மதம்னு எழுதிக் குடுத்தது?"

"அம்மா கையெழுத்து. அம்மாவும் வீடுதானே தாத்தா."

அதிரசக்காரி தலையாட்டினாள். நான் பார்த்ததும் நிறுத்தினாள்.

"என்கிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டா வேண்டாம்பீங்க. நீங்க வேண்டாம்னு சொன்னப்புறம் போனா உங்க பேச்சை மீறினதா ஆயிரும். கேக்காம போனா வெறும் பொய்தான்."

"லாவுக்குப் படிக்க வச்சிருக்கலாம்" என்றான் சிராஜ்.

"நீ சும்மா கெட. ஏளா, மேடையிலேயே இதைச் சொல்லியிருந்தா உன்னைய எவனும் திருடின்னு சொல்லியிருக்க மாட்டானே? தெருவுல துவையல்னு கூப்பிடுதானுவளே, அதைக் கேட்டுட்டுப் பேசாம போனியே?"

அவள் டிபன் டப்பாவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

"சொன்னா நான் திருடி இல்லன்னு ஆயிரும். ஆனா அய்யாத்துரை பேச்சை அய்யாத்துரை வீட்லயே கேக்க ஆளில்லன்னு ஊருக்குத் தெரிஞ்சிரும். சுடலைக்கண்ணன் தாத்தாவுக்கு அதுதானே வேணும்? துவையல்னு கூப்பிட்டா கூப்பிட்டுட்டுப் போறான். ரெண்டு மாசத்துல மறந்துருவான்."

என் மானத்தை இந்த ஒரு வாரமாக நான் காப்பாற்றிக் கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன்.

"கிளாசுக்கு நேரமாச்சு பாரு, போ" என்றேன்.

---

திரும்பும் வழியில் பிரேமலதா ஒரு யோசனை சொன்னாள்.

"நாளைக்கு நடுவரைப் பேச வைப்போம் பெரியப்பா. எனக்கே தெரியாத வார்த்தையை அந்தப் பொண்ணு சொன்னான்னு அவர் சொன்னா போதும். பாலி, காலேஜ் எதுவும் வெளிய வர வேண்டாம்."

"அப்ப எங்க படிச்சான்னு சுடலைக்கண்ணன் கேப்பாரே" என்றான் சிராஜ்.

"அப்படிக் கேட்டா, அந்த டீச்சரும் அந்தப் பெண்களும் வந்து சாட்சி சொல்லத் தயாரா இருக்காங்க" என்றாள் பிரேமலதா.

"என் வீட்டுக்கு வெளியாள் சாட்சி வேண்டாம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்துவிட்டது. அத்தனை தூரத்துக் கோபர்கைரனேயில் இருக்கிற உறுப்பினர்கள்கூட வந்திருந்தார்கள். சந்தா கேட்டால் அவர்களுக்கு டிரெயின் கிடைக்காது. முன்வரிசையில் மகேஷ்குமார். கடைசி வரிசையில் செம்பூர்ப் பெண்கள் மூவரும், அழைக்காமல், பளிச்சென்ற புடவையில். சுடலைக்கண்ணன் வேட்டி மடிப்புக் கலையாமல் மேடையில் உட்கார்ந்திருந்தார்.

மைக்கை வாங்கினேன்.

"போன வாரம் செயலாளர் ஒரு கேள்வி கேட்டார். என் பேத்திக்கு அந்த விடை எங்கேயிருந்து கிடைத்தது என்று. நேற்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவள் பாலி மொழியில் எம்.ஏ. படிக்கிறாள். செம்பூரில் வகுப்புக்கும் போகிறாள். அங்கே கிடைத்தது. வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள் என்று நான் உங்களிடம் சொன்னது தவறு. எனக்கு அப்படிச் சொல்லப்பட்டிருந்தது. என்னிடம் கேட்காமல், எனக்குத் தெரியாமல் சேர்ந்திருக்கிறாள்."

ஹாலில் ஒரு மின்விசிறி கிரீச்சிட்டது. என் மகன் சுரேந்திரன் மெதுவாகத் தலையைத் திருப்பித் தன் மனைவியைப் பார்த்தான். அவள் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுடலைக்கண்ணன் எழுந்தார். முகத்தில் பண்டிகை.

"அப்ப உம்ம பேச்சு உம்ம வீட்லயே எடுபடலையா அண்ணாச்சி?"

"எடுபடல வே. என் வீட்ல பொய் சொல்லுவாங்க. திருட மாட்டாங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவன் உக்காரலாம்."

அவர் உட்காரவில்லை. "இதுவும் ஒரு கதைதானா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? நடுவர் துவையலைத் தின்னுக்கிட்டே..."

"தாத்தா!" ஹாலின் நடுவிலிருந்து ஒரு குரல். நகுல். "போதும் தாத்தா. ஒரு வாரமா அவ சொன்ன விடையை நான் திருப்பிச் சொல்லிப் பாக்கேன். கிரேக்கத்தைத் தாண்ட முடியல. அந்த நடுவரு என்கிட்ட விடையை முந்தின நாளே எழுதிக் குடுத்திருந்தாலும் நான் தோத்திருப்பேன். ஒரு பந்தியில காதுல விழுந்து வர்ற சமாச்சாரமா அது? உக்காருங்க."

இந்த முறை ஹால் சிரித்தது வேறு பக்கம் பார்த்து. மகேஷ்குமார் எழுந்து, தனக்கே தெரியாததை அந்தப் பெண் சொன்னாள் என்பதையும் சொல்லிவைத்தார். சுடலைக்கண்ணன் வேட்டியைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தார். கேடயத்தை அவரே எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று நான் சொன்னேன். கொடுத்தார். ஷாலினி அவர் காலைத் தொட்டு வாங்கினாள். கடைசி வரிசையில் அதிரசக்காரி விசில் அடித்தாள். அவளை யாரும் கண்டிக்கவில்லை, நானும் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு தொண்ணூறு அடி சாலையில் ஒரு பேச்சு சுற்றிக் கொண்டிருக்கிறது. அய்யாத்துரை மனசு இறங்கி, பேத்தி பாலி படிக்க அனுமதி கொடுத்துவிட்டாராம்.

தவறு. நான் எந்த அனுமதியும் கொடுக்கவில்லை. அவள் இன்னும் கேட்கவே இல்லை.